துத்தி இலைக் கஷாயம்

அக்காவுக்கு இரண்டு முறை கரு கலைந்த பிறகுதான் நான் அந்த ஆராய்ச்சியை எடுத்தேன். திருச்சியில் ஒரு கல்லூரி ஆய்வகம். துத்தி இலைச் சாற்றைக் கொண்டு வெள்ளி நானோ துகள்கள் செய்து, பூச்சிமருந்து கொடுத்த பெண் எலிகளின் கருப்பையையும் சினைப்பையையும் அவை காக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். குளத்தூர்ப் பக்கம் தன் கத்தரிக்கொல்லை வரப்பில் அக்காதான் இலையைப் பறித்து, பையில் கட்டி பஸ்ஸில் கொடுத்துவிடுவாள்.

அவர்கள் ஊரில் மருந்தடிப்பது என்றால் புருஷன் முதுகில் டேங்க் இருக்கும். பெண்டாட்டி வாளியில் வெறுங்கையால் கலக்கி ஊற்றிவிட வேண்டும். மூன்றாவது முறை அக்கா உண்டானபோது மச்சானிடம் கறாராகச் சொன்னேன், இனி அவள் அந்த வாளியைத் தொடக் கூடாது என்று.

"சரிம்மா, நான் பாத்துக்கிறேன்" என்றார்.

நம்பினேன். அந்தச் சந்தோஷத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? எலிகளிடம் நல்ல மாற்றம் தெரிகிறது என்று இருவரிடமும் பெருமையடித்தேன்.

நாலாம் மாதம் அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகப் போன் வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் அந்தக் கருவும் கலைந்திருந்தது. வராந்தாவில் நின்ற மச்சானிடம், "வாளியைத் தொட்டாளா?" என்று மட்டும் கேட்டேன்.

"மருந்து கலக்க ஆளு கெடைக்கலம்மா. ஆனா மருந்தடிக்கிற அன்னிக்கெல்லாம் காலையில துத்தி எலைய அவிச்சு, ஒரு சொம்பு குடிக்க வச்சுத்தான் கூட்டிட்டுப் போனேன். நீ கண்டுபிடிச்சதுதானம்மா?"

வாக்குக் கொடுத்துவிட்டு, என் வேலையையே சாக்காக வைத்து அவளை இழுத்துப் போயிருக்கிறார். ஆய்வகத்தில் செய்த துகளும் அடுப்பில் அவித்த இலையும் ஒன்றா? எலிக்குப் பலித்தது மனுஷிக்கும் பலிக்கும் என்று யார் சொன்னது? நர்ஸ் வந்து அதட்டும்வரை கத்தினேன். துரோகி என்றுகூடச் சொன்னேன். அதற்காக இன்றுவரை நான் வருந்தியதில்லை.

உள்ளே அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நகக்கண்களில் இன்னும் கொல்லை மண் இருந்தது. கையைப் பிடித்தேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"அவரு கூப்பிட்டப்ப வரமாட்டேன்னுதான் சொன்னேன். ஒன் தங்கச்சி கண்டுபிடிச்ச எலை காப்பாத்தும்னாரு" என்றாள். "நான் அவர நம்பிப் போகலடி. ஒன்னைய நம்பித்தான் போனேன்."