வல்லநாட்டில் நின்ற கார்

எங்கள் பழைய காருக்கு இல்லாத காய்ச்சலைக் காட்டும் வியாதி இருந்தது. சில நாள் நல்ல பிள்ளையாக ஓடும். சில நாள் சாவியைத் திருப்பியதுமே, எஞ்சின் ஓடத் தொடங்கும் முன்பே, சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டுக்கு ஏறிவிடும். அப்பா துறைமுகத்துக்கு வெளியே ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். ஊரார் வண்டிகளெல்லாம் உடனுக்குடன் சரியாகும். எங்கள் வண்டி மட்டும் தன் முறைக்குக் காத்துக் கிடக்கும்.

அம்மா குவைத்துக்குப் புறப்பட இரண்டு நாள் இருக்கையில்தான் அதற்கு முறை வந்தது. மாப்பிள்ளையூரணியில் எங்கள் வீட்டு வாசலில் காலையிலேயே பானட்டைத் திறந்துவைத்து அப்பா என்னைக் கூப்பிட்டார். எனக்கு ஒன்பது வயது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, சாவியைத் திருப்பி, முள்ளைப் பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. முள் உச்சியில் நின்றது. அவர் எஞ்சின் பக்கம் ஒரு ஒயரை உருவினார்; முள் பொத்தென்று கீழே விழுந்தது.

"பாத்தியாளா, வண்டி பச்சத் தண்ணியாக் கெடக்கு. சூடு பாக்குற சென்சாருதான் பொய் சொல்லுது" என்றார்.

சாயங்காலமே புதுசு வாங்கிவந்தார். என் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பித்தளைச் சாமான். மாட்டப் பத்து நிமிஷம் போதும் என்றும் சொன்னார்.

அம்மா நர்ஸ். அங்கே ஆஸ்பத்திரியில் வேலை. இனி இரண்டு வருஷம் கழித்துத்தான் லீவு. திருவனந்தபுரத்தில் சாயங்கால விமானத்துக்குக் காலை ஏழு மணிக்கே எங்களைக் கிளப்பிவிட்டாள். பிந்திப்போனால் வேலை கைவிட்டுப் போய்விடும் என்ற பயம் அவளுக்கு. நான் முன்சீட்டில் அவள் மடியில் இருந்தேன்.

வல்லநாடு மலை கண்ணில் படும்போது முள் ஏறியது. புது சென்சார் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். அப்பா ஒரு வேப்பமரத்தடியில் ஓரங்கட்டி பானட்டைத் தூக்கினார்.

"சூடாயிட்டு. ஆறட்டும்."

"பிளைட்ட விட்டுருவோமா?" என்றாள் அம்மா.

"நேரம் கெடக்குளா."

அரைமணி நேரம் நின்றோம். அம்மா என் சடையை அவிழ்த்து, நன்றாக இருந்ததையே மறுபடி பின்னினாள். அப்பா மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு சாவியைத் திருப்பினார். முள் ஒரே தாவலில் சிவப்புக்குப் போனது. "இன்னும் ஆறல" என்று மறுபடி இறங்கினார்.

எனக்குக் குமட்டியது. முகர்ந்து பார்க்க எலுமிச்சம்பழம் டாஷ்போர்டு பெட்டியில் இருந்தது. திறந்தால், பழத்துக்குப் பக்கத்தில் உறை பிரிக்காத புது சென்சார்.

"அப்பா, இத மாட்டவே இல்லியா?"

அம்மா என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். இறங்கிப் போய், எனக்குக் காய்ச்சல் பார்ப்பது போலவே, புறங்கையை எஞ்சின் மேல் வைத்தாள். எடுக்காமல் வெகுநேரம் வைத்திருந்தாள். அப்பா வேப்பங்காய்களை எண்ணுகிறவர் போல மேலே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது சண்டை வரும் என்று நான் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

அம்மா வந்து என் கையிலிருந்த சென்சாரை வாங்கிப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

"ஆமா, சூடாத்தான் இருக்கு. இன்னுங் கொஞ்சம் நிக்கட்டும்" என்று அப்பாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

நானும் இறங்கித் தொட்டுப் பார்த்தேன். குடிக்கிற காப்பி அளவுகூடச் சூடு இல்லை. எனக்கு அம்மாவை நினைத்து அவமானமாகிவிட்டது. இத்தனை வருஷம் நர்ஸாக இருந்தும் சூடு பார்க்கத் தெரியவில்லையே, குவைத்தில் கண்டுபிடித்துவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்களே என்று விமான நிலையம் வரை கவலைப்பட்டேன். சீக்கிரம் கண்டுபிடிக்கட்டும் என்றும் வேண்டிக்கொண்டேன்.