லேப் அக்கா சொல்லிக்கொடுத்த பதில்

அழுதுகொண்டு வருகிற பிள்ளையிடம் லேப் அக்கா "என்ன ஆச்சு?" என்று கேட்பதில்லை. ஒரு சோதனைக்குழாயையும் பிரஷ்ஷையும் கையில் திணிப்பார். "அடியில மஞ்சக் கறை இருக்கு பாரு, மொதல்ல அத எடு." கறை போவதற்குள் பிள்ளை தானாகவே எல்லாவற்றையும் கொட்டிவிடும்.

பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகத்தில் குழாய் கழுவுவது, அமில பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்டுவது, உடைந்ததற்கெல்லாம் பதில் சொல்வது அவர் வேலை. உடைந்த ஸ்டூல் கால்களுக்கு வெல்டிங் வைக்க நான் அங்கே நாலு நாள் போனேன். அடுத்த அறையில் வேதியியல் வாத்தியார். அடிக்கிற ஆள் இல்லை, நாக்கே போதும். தப்பாகச் சொன்ன பிள்ளையை நிற்கவைத்து, வகுப்பு சிரித்து ஓய்கிற வரை காத்திருப்பார். அப்புறம் வெளியே. வெளியே வந்தவர்கள் நேராக அக்கா குழாய் கழுவும் தொட்டிக்குத்தான் வருவார்கள். நான் ஐந்தாவதோடு நின்றவன். எனக்கு அப்படி ஒரு தொட்டி கிடைக்கவில்லை.

அக்காவின் வைத்தியம் வினோதமானது. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி வாத்தியாராகவே மாறிவிடுவார். அதே இழுப்பு, அதே செருமல். "என்னம்மா மகாராணி, மூளைய வீட்டுல வச்சுட்டு வந்துட்டீங்களா?" குரல் உடையாமல் பதில் வருகிற வரை விடமாட்டார். பதில் ஒன்றுதான்: "சார், எனக்கு இந்த எடம் புரியல. வகுப்பு முடிஞ்சதும் அஞ்சு நிமிஷம் தனியா கேக்கலாமா?"

"தரையப் பாத்துச் சொல்லாத. மொறைச்சுக்கிட்டும் சொல்லாத. நாலு பேர் முன்னாடி அந்தாளு எறங்கி வரமாட்டாரு. தனியா மாட்டுனா வழிக்கு வருவாரு." இரண்டு பேருக்கு அது பலித்ததாம்.

மூன்றாவதாக வந்தவள் பதினாறு வயதுப் பெண். குழாயைத் தேய்த்துக்கொண்டே, "இன்னொரு வாட்டி வெளிய அனுப்பினா நான் வரமாட்டேன்க்கா. அம்மா தையல் கம்பெனில சொல்லி வச்சுட்டாங்க" என்றாள். இரண்டு நாள் ஒத்திகை நடந்தது.

மறுநாள் சுவருக்கு அப்பால் அவள் குரல் கேட்டது. தெளிவாக, உடையாமல். "பாத்தீங்களாண்ணே!" என்று அக்கா என் பக்கம் திரும்பினார்.

பிறகு வாத்தியார் குரல். "அட, இதே வசனத்த ஒப்பிக்கிற மூணாவது ஆளு! யாரும்மா எழுதிக்குடுத்தது? கைதட்டுங்கப்பா."

தட்டினார்கள். அறை முழுக்க.

மூன்று பேருக்கும் ஒரு சொல்கூட மாற்றாமல் ஒரே பதிலைச் சொல்லிக்கொடுத்திருந்தார் அக்கா. "கழுவுற புத்தி! எல்லாத்துக்கும் ஒரே பிரஷ்ஷு" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

பெண் பையோடு வந்து நின்றாள். அழவில்லை. "போயிட்டு வரேன்" என்று சொல்கிற பிள்ளை, "போறேன்க்கா" என்றாள்.

அக்காவை அடுத்த வருஷமும் வேலைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று எழுதிக்கொடுப்பது அதே வாத்தியார்தான். அக்கா அமில பாட்டிலை இறுக மூடினார். கையைத் துடைத்தார். அவள் தோளிலிருந்து பையைக் கழற்றிக்கொண்டு அடுத்த அறைக்கு நடந்தார். அவளும் நானும் பின்னால் போனோம்.

"என்ன வேணும்?" என்றார் வாத்தியார்.

அத்தனை நாள் அந்த ஆளின் குரலில் வெளுத்து வாங்கியவருக்குச் சொந்தக் குரல் வரவில்லை. "சார்..." என்றார். அவ்வளவுதான். வகுப்பு சிரித்தது.

அக்கா இரண்டு வரிசை தாண்டிப் போய், காலியாகக் கிடந்த அவள் இடத்தில் பையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.