ஒரு சீட்டு தள்ளி

எங்கள் பெரியப்பா ஹெல்மெட் போட்டால் கழற்றமாட்டார். அனல்மின் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த மஞ்சள் ஹெல்மெட்டோடுதான் டீக்கடைக்குப் போனார், கோயிலுக்கும் போனார். பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும், கூடவே வயிறும் எரியும். அந்த ஹெல்மெட் என் தலைக்கு வரவேண்டியது, ஒரே ஒரு சீட்டில் தவறிப்போனது.

எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டி எங்கள் குப்பம். ஆற்றில் எறால் நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம்தான். இஷ்டத்துக்கு வலை கட்டினால் தினமும் மண்டை உடையும். அதனால் முறை வைத்திருக்கிறோம். பாடு என்போம். பேர் எழுதிய சீட்டுகளைக் குடத்தில் போட்டு ஒவ்வொன்றாக எடுப்போம். முதலில் வந்தவர்களுக்கு இந்த முறை, பின்னால் வந்தவர்களுக்கு அடுத்த முறை. பாட்டை விற்கக்கூடாது, யாருக்கும் தூக்கியும் கொடுக்கக்கூடாது.

அக்கரையில் அனல்மின் நிலையம் வந்தபின் ஆற்றில் சாம்பல் கலந்தது, எறால் குறைந்தது. ஈடாக வேலை கேட்டோம். வேலை வந்தது, ஆனால் காண்ட்ராக்டர் அதைத் தன் மச்சானுக்கும் மச்சானின் மச்சானுக்கும் கொடுத்தார். குப்பமே ரோட்டில் உட்கார்ந்த பிறகுதான், பத்துப் பேரை நாங்களே அனுப்பலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். வருஷத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் மாறும். ஆளும் மாறட்டும், எல்லா வீட்டுக்கும் சம்பளம் வரட்டும் என்றார் நாட்டார். குப்பத்துத் தலைவரை அப்படித்தான் அழைப்போம். ஆற்றுக்குப் போடும் சீட்டையே இதற்கும் போடுவதாக முடிவாயிற்று.

இதில் ஒரே சிக்கல், பாடு கல்யாணமான ஆண்களுக்கு மட்டும்தான். நானோ கல்யாணமாகாத பெண். ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு, குப்பத்தில் பாதி மிக்சிகளுக்கு உயிர் கொடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். மின்சாரம் தயாராகும் இடம் வாசலில் நின்றால் தெரியும், உள்ளே போகத்தான் வழியில்லை. கூட்டத்தில் எழுந்து என் பேரையும் போடச் சொன்னேன். முதல் ஆளாகக் குறுக்கே விழுந்தவர் பெரியப்பா. தண்ணீரில் இறங்குகிறவனுக்குத்தான் பாடு, அது பெரியவர்கள் வைத்த வழக்கம் என்றார்.

அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்: “தெனம் இடுப்பளவு தண்ணில நின்னுகினு கையால எறால் தடவிப் புடிக்கிறோமே, நாங்க இன்னா கரையில குந்திகினு கீறோமா?”

கல்யாணம் ஆனாலும் ஆகாவிட்டாலும் பெண்கள் பேரையும் சேர்க்கச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் நாட்டார். அவர் கேட்டது ஆண்களை. தூக்கியதோ எல்லோரும். எறால் தடவிச் சிவந்த அத்தனை கைகளையும் எண்ணாமல் விட அவருக்குத் துணிச்சல் வரவில்லை. அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் இருந்த சித்தியைக் கட்டிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சீட்டு எடுத்தார்கள். பத்தாவது சீட்டில் பெரியப்பா பேர். பதினொன்றாவது நான்.

ஊர் முன்னால் அழக்கூடாது என்று வீடுவரை அடக்கிக்கொண்டு வந்து அழுதேன். அடுத்த வருஷம் உண்டே என்று ஆறுதல் சொன்னார்கள். அதற்குள் காண்ட்ராக்டர் மனம் மாறினால்? ஏற்பாடே கலைந்தால்? அன்று சாயங்காலம் பெரியப்பா வந்தார். கூட்டத்தில் என்னை எதிர்த்தவர், என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“அழுவாத. என் பாட்ட நீ எடுத்துக்க. யாரு இன்னா கேட்டாலும் நான் பாத்துக்கறேன்.”

வாங்கிக்கொள்ள எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், கை நீட்டாத குறை.

“வேணாம் பெரிப்பா,” என்றேன். “இன்னிக்கி நான் வாங்கிகினா, நாளைக்கி காண்ட்ராக்டரு மச்சானுக்குக் குடுக்க சொல்லோ நாம எந்த வாயால கேக்குறது?”

அவர், கொழுப்பெடுத்த கழுதை என்று ஆசையாகத் திட்டிவிட்டுப் போனார்.

அந்த வருஷம் குப்பத்தில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. பெரியப்பாவுக்கு வண்ணாரப்பேட்டையில் பேண்ட் எடுத்துக் கொடுத்தோம். வாழ்நாளில் ஷூ போடாத மனிதர், காலை ஜெயிலில் போட்டுவிட்டார்கள் என்று தெருவெல்லாம் புலம்பினார். நிலக்கரி பெல்ட்டுக்கு அடியில் கூட்டிப் பெருக்கி, கண்ணும் பல்லும் மட்டும் வெளுப்பாக வீடு திரும்புவார். முதல் சம்பளத்துக்குப் பத்து வீட்டிலும் பிரியாணி. போகப் போக ஒரு வீட்டுப் படகுக்குப் புது எஞ்சின் வந்தது. இன்னொரு வீட்டில் மாடிக்குப் படி கட்டினார்கள். மாடி இன்னும் வரவில்லை, அந்தப் படியில் உட்கார்ந்துதான் நாங்கள் கதை பேசுவோம்.

வருஷம் முடிந்தது. ஏற்பாடு கலையவில்லை. கூட்டத்தில் நாட்டார் முதலில் கூப்பிட்டது என் பேரை. பெரியப்பா ஹெல்மெட்டைக் கழற்றி என் தலையில் வைத்தார். பெரிதாக இருக்கும், ஆடும் என்று நினைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. உள்பட்டையை முந்தின நாளே என் அளவுக்கு இறுக்கி வைத்திருக்கிறார் மனிதர்.

மறுநாள் காலை கேட்டில் செக்யூரிட்டி அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இங்கே வேலை கிடைக்க யாராவது பெரிய ஆள் சொல்லியிருக்கவேண்டும் என்பது அவர் கணக்கு.

“யாரு சொல்லி வந்தம்மா?”

“யாரும் சொல்லல அண்ணா. என் பாடு வந்துச்சு, வந்தேன்.”