பகலில் வந்த ரத்தக் காட்டேரி

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் மலேரியா ஊழியன். வல்லத்திராக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களுக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை சைக்கிளில் போவேன். காய்ச்சல்காரர் விரலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்லைடில் தடவிக்கொண்டு, மாத்திரை கொடுத்துவிட்டு வரவேண்டும்.

அந்த வேலைக்கு உலை வைத்தது டூரிங் கொட்டகை. யாரோ ஒரு வெள்ளைக்காரர் எழுதிய நாவலை வைத்து எடுத்த பழைய இங்கிலீஷ் படத்தை ஓட்டினார்கள். கறுப்புக் கோட்டு போட்ட ரத்தக் காட்டேரி ஆட்களின் கழுத்தைக் கடிக்கும் கதை. பாஷை புரியாத சனத்துக்காகக் கொட்டகைக்காரர் மைக்கோடு ஒருவரை நிறுத்தியிருந்தார். அவர் தமிழில் சொன்ன விளக்கத்தில், படத்தில் இருந்ததைவிட ரத்தம் அதிகம். அடுத்த தடவை நான் போனபோது தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. எனக்கு வந்த கோபத்தில் அந்த மைக்கைப் பிடுங்கிக் குளத்தில் போட்டிருப்பேன்.

ஒரு வீட்டிலிருந்து மட்டும் திரும்ப மனம் வரவில்லை. கைக்குழந்தைக்காரி, இருபது வயதுகூட இருக்காது, மூன்று நாளாகக் குளிர்க்காய்ச்சலில் கிடந்தாள். குழந்தைக்குப் பாலும் வற்றிவிட்டது. அவளுடைய மாமியார் வாசலை மறித்து நின்றார்.

“இருக்கிற ரத்தத்தையும் உறிஞ்சவா வந்தீங்க? அங்கிட்டுப் போங்க!”

நானும் பதிலுக்குக் கத்தினேன். பலிக்கவில்லை. அப்போது உள்ளேயிருந்து மருமகள் ஈனக் குரலில் சொன்னாள்.

“அத்தை, காட்டேரிக்குக் கண்ணாடியில மொகம் தெரியாதுன்னு மைக்குல சொன்னாங்கள்ல? இவருக்குக் காட்டிப் பாருங்க.”

மாமியார் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே பிடித்து, பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தார். வியர்த்து வழிந்துகொண்டு நான் தெரிந்தேன். அதுவும் போதாமல் வாயைத் திறக்கச் சொன்னார். சர்க்கார் உத்தியோகஸ்தன், ஆவென்று திறந்தேன். வெற்றிலைக் கறை படிந்த பல்லைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“மனுசந்தான். உள்ள வாங்க.”

மருமகள் விரலை நீட்டினாள். முதல் மாத்திரையைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆபீஸில் ஸ்லைடைச் சோதித்ததில் மலேரியா என்றே முடிவு வந்தது. மீதி மாத்திரைகளோடு அந்த வீட்டுக்கே மறுபடி சைக்கிளை மிதித்து ஓடினேன். வேளை தவறாமல் அவளை விழுங்கவைத்தவர் அந்த மாமியார்தான்.

அடுத்த முறை போனபோது அவள் எழுந்து உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மாமியார் தெருவில் இறங்கிக் கூவினார்.

“காச்சக்காரவுக எல்லாம் வாங்க! எங்க வீட்டுப் பிள்ளையப் பொழைக்கவச்சவரு வந்திருக்காரு!”

சாத்தியிருந்த கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பதினோரு பேர் விரலை நீட்டிக்கொண்டு நின்றார்கள். சந்தோஷத்தில் கவனம் தப்பி, முதல் ஊசியை என் விரலிலேயே குத்திக்கொண்டேன்.