மூச்சு சாரும் அவர் மகளும்

என் அக்காவின் கணவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் "மூச்சு சார்". முதுகுக்குப் பின்னால் அப்படிச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்பது அவருக்கும் தெரியும். அதையும் பெருமையாகவே எடுத்துக்கொண்டார். எதையும் பெருமையாக எடுத்துக்கொள்கிற தோல் சிலருக்குப் பிறவியிலேயே வாய்த்துவிடுகிறது.

மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர். கர்ப்பத்தைத் தாங்கிப்பிடிக்கும் புரோஜெஸ்டிரோன் என்கிற ஹார்மோன் பெண்களின் மூச்சை எப்படிக் கூட்டுகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. கர்ப்பிணிகளுக்கு மூச்சு வாங்குமே, பெரும்பாலும் அதற்கு அதுதான் காரணம். பெண் எலிகளுக்கு ஹார்மோன் ஊசி போட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டு, அவை விடும் மூச்சை அளப்பார். சும்மா சொல்லக் கூடாது, இளவயதில் உருப்படியாகத்தான் வேலை செய்திருக்கிறார். அதற்கப்புறம் அதே எலி, அதே ஊசி. வரைபடத்தில் கோட்டின் நிறத்தை மட்டும் மாற்றிக்கொண்டு மாநாடு மாநாடாகப் போய் வந்தார்.

பெண்களின் மூச்சைப் பற்றி ஊரெல்லாம் பேசியவர், வீட்டில் ஒரு பெண் வாயைத் திறந்தால் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்.

அவருக்கு ஒரே மகள். அதே வீட்டின் மாடிப் போர்ஷனில் குடியிருந்தாள். கணவனுக்குக் கப்பலில் வேலை. அவள் கர்ப்பமாகி வயிறு தெரிய ஆரம்பித்ததும் படி ஏறத் திணறினாள்.

"மாடி ஏறவே முடியலப்பா. படுத்தா இருமல் வேற. சாய்ஞ்சு உக்காந்துதான் தூங்குறேன்."

பேப்பர் கொஞ்சம் இறங்கியது. "புரோஜெஸ்டிரோன். மூளையில மூச்சை நடத்துற இடத்தை அது தூண்டிவிடுது. உன் உடம்பு ரொம்ப சரியா வேலை செய்யுதும்மா."

"எனக்கு அப்படித் தோணலையேப்பா."

"தோணுறதெல்லாம் அறிவியல் இல்ல."

பேப்பர் மறுபடியும் ஏறிவிட்டது.

அவளைப் பார்த்துவந்த பெண் டாக்டர் இவருடைய பழைய மாணவி. செக்கப்புக்கு இவரே கூடப் போனார். மகள் பேசுவதற்கு முன்பே விளக்கத்தைக் கொட்டி முடித்தார். அந்த டாக்டரம்மாவும் வகுப்பில் முதல் பெஞ்சில் இருப்பதுபோல் தலையாட்டி, சத்து மாத்திரை எழுதி அனுப்பிவிட்டாள். படித்தவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் நோயாளியிடம் கேட்க ஒன்றுமே மிச்சமிருக்காது போலிருக்கிறது.

ஒரு நாள் மதியம் நான் போனபோது அவள் பாதிப் படியில் உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது, கால் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்து "சித்தி" என்றவளால் அடுத்த வார்த்தையைச் சொல்ல முடியவில்லை.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாம், கிளம்பு" என்றேன் அக்காவிடம்.

"அவருக்குத் தெரியாததாடி?"

"அவருக்கு எலியைத் தெரியும்கா. இவளைத் தெரியாது."

டாக்ஸி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டூட்டி டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தவுடனே இதய ஸ்கேனுக்கு அனுப்பினார். அவள் இதயத்தில் ஒரு வால்வு ரொம்ப நாளாகவே சுருங்கிக் கிடந்திருக்கிறது. கர்ப்பத்தின் பாரம் ஏறியதும் நுரையீரலில் நீர் கோத்துவிட்டது.

"வீட்ல யாருமே கவனிக்கலையா?" என்று கேட்டார். அக்கா வெளியே போய் அத்தானுக்குப் போன் போட்டாள்.

மாலையில் மூச்சு சார் வந்து சேர்ந்தார். வந்ததும் டாக்டரிடம், "புரோஜெஸ்டிரோன் அளவு எடுத்தீங்களா?" என்றார்.

"இல்ல சார். இதயத்தைப் பார்த்தோம்."

அதோடு மூக்கு உடைந்திருக்க வேண்டும். அவர் மூக்கு வேறு ரகம். மறுநாள் ஒரு தாளுடன் கட்டிலருகே வந்து நின்றார்.

"இப்படி ஒரு கேஸ் கிடைக்கிறது அபூர்வம்மா. என் ஆராய்ச்சிக்குத் தினமும் கொஞ்சம் ரத்தம் எடுத்துப் பார்க்கலாம். இதுல ஒரு கையெழுத்து போடு."

அவள் முகத்திலிருந்த ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கினாள். "நான் எப்படி இருக்கேன்னு நீங்க இன்னும் கேக்கவே இல்லப்பா."

"அதான் மானிட்டர்ல தெரியுதே."

அவள் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். அக்கா அந்தத் தாளை வாங்கி, அவர் கண்ணெதிரே நான்காகக் கிழித்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவருடைய காகிதம் எதையும் மேஜையை விட்டு நகர்த்தக்கூடப் பயந்தவள் அவள்.

ரத்தக்குழாய் வழியாகச் சின்ன பலூனை இதயத்துக்குள் செலுத்தி வால்வை விரித்தார்கள். மாதம் நிறைந்து பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். மகள் படியில்லாத வேறு வீட்டுக்குக் குடிபோனாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அக்காவும் கூடப் போனாள்.

அடுத்த மாநாட்டில் மூச்சு சார், "கர்ப்பிணிகளின் மூச்சுத்திணறலை அலட்சியம் செய்யாதீர்கள்" என்று இளம் டாக்டர்களுக்கு விரலை ஆட்டி உபதேசம் செய்தாராம். பலத்த கைதட்டலாம். இதை அவரேதான் எனக்குப் போன் போட்டுச் சொன்னார்.

"உங்க அக்கா எப்ப வர்றாளாம்?" என்றும் கேட்டார். "டீத்தூள் எங்க இருக்குன்னே தெரியல."

"தேடுங்க அத்தான்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.