பொங்கலுக்குள் ஒரு ஊர்

வீடு தேடுவதும் ஒரு முழுநேர வேலைதான். சம்பளம் கிடையாது, கண்டவர்களுக்கெல்லாம் பல்லைக் காட்ட வேண்டும். அலைந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வவுனியாவில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டை உரிமையாளர் தன் மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கிறார். பொங்கலுக்குள் நாங்கள் வீட்டை விட்டு எழும்ப வேண்டும். மகன் கொழும்பிலிருந்து போன் பண்ணி, வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் ஒரு ஃப்ளாட் பார்த்துவிட்டதாகச் சொன்னான். எனக்கு வந்த கோபத்தில், "வன்னியில எனக்குப் பிடிச்ச வடிவான சின்ன ஊர் ஒண்டு பொங்கலுக்குள்ள கிடைக்காட்டி வாறன்" என்று வாயை விட்டுவிட்டேன். ஆனி மாதம் தேடத் தொடங்கினேன். என் கணவர் மோட்டார்சைக்கிள் ஓட்டுவார், அபிப்பிராயம் சொல்லமாட்டார்.

படம் எடுக்கிற வீடு

ஸ்கந்தபுரம் பக்கம் பழமை மாறாத வீடு இருக்கிறது என்று புரோக்கர் சொன்னார். எட்டு மணிக்கு வரச்சொன்னவர் பத்தரைக்கு வந்தார். எங்கள் கொன்வென்டில் ஐந்து நிமிடம் பிந்தினாலே சிஸ்டர் முழங்காலில் விடுவா. அந்தக் கணக்கில் இந்தப் புரோக்கரை முழங்காலில் நிறுத்த ஒரு நாள் காணாது.

வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் கட்டிய வீடு. கிடுகுக் கூரை, சுவரில் மாட்டுவண்டில் சில்லு, வாசலில் மண்பானை, பானைக்குள் பிளாஸ்டிக் தாமரை. குசினிக்குள் போனால் புகை போக வழியில்லை, காஸ் சிலிண்டர் வைக்க மூலையில்லை. "இதுக்குள்ள எப்பிடிச் சமைக்கிறது?" என்று வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் கேட்டேன்.

"சமைக்கவோ? இது படம் எடுக்கக் கட்டின வீடக்கா. நான் பின்னுக்கு மூண்டு கல்லு வைச்சிருக்கிறன்."

கேத்தில்

இந்த ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். அங்கே எனக்குச் சொந்தக்காரர் இருக்கிறார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டுப் பார்ப்பது என் வழக்கம். தேயிலையைக் கையோடு கொண்டுபோவேன். சுவரும் கதவும் பொய் சொல்லும், தேத்தண்ணி சொல்லாது. அங்கே போட்ட தேத்தண்ணி கறுத்து, மேலே ஆடை மாதிரி ஒன்று மிதந்தது. வீட்டுக்காரர், "இருவது வருசமா நாங்கள் இதைத்தான் குடிக்கிறம், கல்லுமாதிரி இருக்கிறம்" என்றார். நான் தண்ணீர் கொதிக்கவைத்த கேத்தில் மூடியைத் திறந்தேன். உள்ளே சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளையாகப் படிந்திருந்தது.

வீட்டுக்காரி கணவனைப் பார்த்துச் சொன்னா: "நான் அப்பவே சொன்னனான், புதுக் கேத்தில் ஒண்டு வாங்கி வையுங்கோ எண்டு."

முற்றத்தில் விரால்

இதில் பிழை என்னுடையது. ஆவணி மாதம் அக்கராயனுக்கு அங்கால் வீடும் வளவுமாக ஒன்று பார்த்தோம். பெரிய மருத மரங்கள், குளிர் நிழல், முற்றத்திலிருந்தே குளம் தெரிகிறது. தேத்தண்ணியும் பாஸ். அன்றைக்கே ஓம் சொல்லியிருப்பேன், வீட்டுக்காரர் திருகோணமலைக்குப் போய்விட்டதால் தப்பினேன். மருதமரம் தானாக வளர்ந்து நிற்கிற இடம் தண்ணீர் வருகிற வழி என்பது வன்னியில் பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும். நிழலைக் கண்டதும் மறந்துபோனேன்.

கார்த்திகை மழையில் திரும்பிப் போனோம். குளம் நிரம்பி வான் பாய்ந்து முற்றத்துக்கே வந்திருந்தது. படிக்கட்டில் நின்று ஒருவர் வலை வீசிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் ஒரு விராலைத் தூக்கிக் காட்டினார்.

"அக்கா, வீடு பாக்க வந்தனீங்களோ, மீன் வாங்க வந்தனீங்களோ?"

நானா சொன்ன குறை

மார்கழியும் பிறந்துவிட்டது. மகன் ஃப்ளாட்டின் படங்களை அனுப்பத் தொடங்கினான். அந்தக் கிழமைதான் தண்ணீரூற்றில் ஒரு வீடு பார்த்தோம். தகரக் கூரை, பூசாத மதில், வடிவு மருந்துக்கும் இல்லை. தேத்தண்ணி மட்டும் தேன். முன்னால் கடை வைத்திருப்பவர் ஒரு முஸ்லிம் பெரியவர், ஊருக்கெல்லாம் நானா. இடம்பெயர்ந்துபோய், திரும்பிவந்து அதே இடத்தில் கடை திறந்தவர். மழைக்கு வளவு எப்படி என்று அவரைக் கேட்டேன்.

"வளவுக்குத் தண்ணி ஏறாது தங்கச்சி. ஆனா வீட்டுக்கு வாற ஒழுங்கையில ரெண்டு கிழமை முழங்கால் அளவுக்கு நிக்கும். இப்ப மறைச்சா, நாளைக்குக் கடைக்கு வந்து என்னைத்தானே ஏசுவீங்க?"

மகன் வந்தான்

கிறிஸ்மஸ் லீவுக்கு மகன், நாங்கள் வீடு பேசி முடிக்கப் போயிருந்த தண்ணீரூற்றுக்கே நேரே வந்தான், சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில். "அம்மா, வடிவான ஊர் எண்டல்லோ சொன்னனீங்கள்? இதில என்ன வடிவு?" என்றான். "ஆறு மாதமா வீடு பாக்கிறன். வீட்டின்ர குறையை முதலில சொன்ன ஆள் இஞ்சதான் இருக்கிறார். எனக்கு இதுதான் வடிவு" என்றேன். அவன் தகப்பனிடம் திரும்பி, "அப்பா, நீங்களாவது சொல்லுங்கோவன்" என்றான். ஆனியிலிருந்து அபிப்பிராயம் சொல்லாத மனிதர் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, கொம்மா ஓம் எண்டு சொன்ன முதல் வீடு இது. நான் சாமான் கட்டத் தொடங்கிட்டன்."

வெள்ளவத்தை நாலாம் மாடிக்கு எந்த மழைக்கும் வெள்ளம் வராது என்று மகன் இன்னும் போனில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறான், நானும் வரமாட்டேன்.