வேலை போனவர்களின் வருகைப் பதிவேடு

எட்டரைக்கு மேல் ஒரு நிமிஷம் ஆனாலும் ஜம்புலிங்கம் தன் கைக்கடிகாரத்தைத் திருப்பிக் காட்டுவார்.

"இன்னா கஜபதி, பஸ் வரலியா, நீ வரலியா?"

கஜபதிக்குச் சுருக்கென்று கோபம் வரும். "வேலையே இல்லாதவனுக்கு லேட்டு இன்னா அண்ணாத்தே?"

"வேலை இல்லாதவன்தான்யா கரெக்டா வரணும்!" என்று சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்துவிட்டுத்தான் நிமிர்வார்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ரேடியோ பாகங்கள் செய்த அந்தக் கம்பெனி, தொண்ணூற்றாறில் ஒரு பிரிவை மூடி அறுபத்திரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பியது. வேறு வேலை தேடிக்கொள்ள ஆறு மாதத்துக்கு ஓர் அறை, ஒரு டைப்ரைட்டர், இன்டர்வியூவுக்குப் பஸ் காசு என்று ஏற்பாடும் செய்தது. அந்த அறைக்குப் பொறுப்பு, பத்தொன்பது வருஷம் டைம் ஆபீஸில் தொழிலாளிகளின் வருகை நேரம் குறித்துக்கொண்டிருந்த ஜம்புலிங்கம். மனிதர் பழக்கத்தை விடுவாரா? முதல் நாளே வருகைப் பதிவேடு போட்டுவிட்டார். வராதவர்கள் லீவு லெட்டர் தர வேண்டும். தந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. "வயிற்றுவலி காரணமாக இரண்டு நாள் வேலை தேட இயலவில்லை" என்று ரேடியோவுக்குக் கம்பிச்சுருள் சுற்றும் வேலை பார்த்த பஞ்சவர்ணம் எழுதித் தந்ததை, கையெழுத்துப் போட்டு ஃபைலில் வைத்திருந்தார்.

மத்தியானம் சாப்பிட்டதும் சைக்கிளில் கிளம்புவார். மற்றக் கம்பெனிகளின் கேட்டில் வாட்ச்மேனைத் தாஜா பண்ணி உள்ளே நுழைந்து, மானேஜர் முகம் சுளிப்பதற்குள் "பஞ்சவர்ணம்னு ஒரு பொண்ணு சார், கை மெஷின் கணக்கா ஓடும்" என்று ஆரம்பித்துவிடுவார். அடுத்தவருக்காகக் கேட்பதில் அவருக்கு வெட்கமே கிடையாது. ஐந்தாவது மாதத்துக்குள் நாற்பத்தேழு பேருக்கு வேலை ஆகிவிட்டது.

வீட்டுக்கு அனுப்பியவர்கள் பட்டியலில் அறுபத்திரண்டாவது பெயர் அவருடையது. அறையைப் பூட்டும் நாளோடு அவருக்கும் வேலை இல்லை. இதைப் பருத்திப்பட்டு வீட்டில் மனைவி கஸ்தூரியிடம் அவர் மூச்சுவிடவில்லை. பாவம், எப்படிச் சொல்வார்? தனி அறை கொடுத்திருக்கிறார்களே, புருஷனுக்குப் பிரமோஷன் என்று அவள் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஞ்சவர்ணம் இனிப்புப் பெட்டியோடு அவர் வீட்டுக்கு வந்தாள். அயனம்பாக்கத்தில் அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது.

"அண்ணாத்தே இல்லன்னா நான் நடுத்தெருல நின்னுகினு இருப்பேன்க்கா" என்று கஸ்தூரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் பதினைஞ்சு நாள்ல ரூமை மூடிடுவாங்க, அண்ணாத்தைக்கும் வேலை காலி. ஊருக்கெல்லாம் வாங்கிக் குடுத்துட்டு தனக்குன்னு ஒரு எடம் கேக்கலியே, நீயாச்சும் சொல்லக் கூடாதா?"

ஜம்புலிங்கத்தின் வாயில் பாதி மைசூர்பாகு. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

பஞ்சவர்ணம் போனபின் கஸ்தூரி இனிப்புப் பெட்டியை மூடி அலமாரியில் வைத்தாள். வேலை போனது கூடப் பெரிதில்லை. தன்னிடம் மறைத்தாரே என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"நமக்குன்னு கேக்க வாய் வரல கஸ்தூரி" என்றார் அவர் கடைசியில்.

அவள் எழுந்துபோய் அவருடைய பையிலிருந்து மற்றவர்களுக்காக அவர் வைத்திருந்த நிரப்பாத பயோடேட்டா படிவம் ஒன்றை உருவினாள். தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, பேனா மூடியைக் கழற்றி, தலை நிமிராமல் கேட்டாள்:

"பேரு சொல்லுங்க."